பன்னிரண்டு சமம் பன்னிரண்டு

கணக்குப் பாடம் உள்ள நாள் விடிந்தாலே வயிற்றைக் கலக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவள் நான். என் வயதுக்காரர்கள் இதைப் படித்தால் மேலே விளக்கம் தேவையிருக்காது. இன்றைய பிள்ளைகள் டீச்சரின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாம் டீச்சரின் கார் பள்ளி வாசலில் திரும்பும் சத்தம் கேட்டாலே கழிப்பறைக்கு ஓடியவர்கள். அந்தப் பயத்தில் ஒரு பகுதி இன்னும் என் வயிற்றில் இருக்கிறது. போன வாரம் அது மறுபடி எழுந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்போது கிள்ளானில் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நாங்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார்ந்து மலாய் பழகிவிட்டுத்தான் இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்தோம். வகுப்பில் மற்றவர்களைவிட ஒரு வயது மூத்தவர்கள். மூளையில் இரண்டு வயது இளையவர்கள் என்பது கணக்கு டீச்சரின் முடிவு. வாய் மலாய் பேசினாலும் மனத்துக்குள் எண்கள் தமிழில்தான் ஓடும். டீச்சர் கேள்வி கேட்டால் உள்ளே தமிழில் கூட்டிக் கழித்து, விடையை மலாய்க்கு மாற்றி, வாயைத் திறப்பதற்குள் அடி விழுந்துவிடும்.

டீச்சர் ஒல்லியான அம்மா. எப்போதும் டால்கம் பவுடர் வாசம். பெயர் சொல்லி அழைக்க மாட்டார். பலகையில் கோடு போடும் நீள மரக்கோலை எடுத்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடப்பார். கோல் யாருடைய மேசையில் இறங்குகிறதோ அவர் எழுந்து பலகைக்குப் போக வேண்டும். அது என் மேசையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இன்னொரு பிறவி கிடைத்த மாதிரி இருக்கும்.

ஒருநாள் தாண்டவில்லை.

பலகையில் இரண்டு சமன்பாடுகள் இருந்தன. முதலாவது, எக்ஸும் வையும் சேர்ந்தால் பன்னிரண்டு. இரண்டாவது, இரண்டு எக்ஸிலிருந்து வையைக் கழித்தால் மூன்று. ஒரு சமன்பாட்டிலிருந்து வை என்பது இன்னது என்று எடுத்துக்கொண்டு, அதைக் கொண்டுபோய் இன்னொன்றில் வைக்கு உரிய இடத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. அதற்குத் தமிழில் பிரதியிடுதல் என்று பெயர் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரியும்.

முதல் பாதியைச் சரியாகத்தான் செய்தேன். வை என்றால் பன்னிரண்டிலிருந்து எக்ஸைக் கழித்தது. எழுதிவிட்டேன். பிறகு அவசரத்தில் அதைக் கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே, அந்த முதல் சமன்பாட்டிலேயே போட்டுவிட்டேன். எக்ஸ் ஒரு பக்கம் கூட்டலாக நின்றது, பக்கத்திலேயே கழித்தலாகவும் நின்றது. இரண்டும் அடித்துக்கொண்டு காணாமல் போயின. வையும் இல்லை, எக்ஸும் இல்லை. பன்னிரண்டு சமம் பன்னிரண்டு என்று மட்டும் பலகையில் நின்றது.

கணக்கையே உடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “நீ சொன்னதையே நீ திருப்பிச் சொல்லியிருக்கிறாய். பொய் இல்லை. ஆனால் எனக்குப் புதிதாக என்ன தெரிந்தது? மற்றதில் போடு. மற்றதில்!” ஒவ்வொரு ‘மற்றதில்’ என்பதற்கும் மரக்கோல் என் விரல் முட்டியில் இறங்கியது.

அப்பா லோரி ஓட்டினார். துறைமுகத்திலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு கிள்ளானைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் இறக்குவது அன்றாட வேலை. எப்போதாவது ஈப்போ, ஜொகூர் என்று தூரப் பயணம் வரும். அப்படிப் போகும் நாளில் மட்டும் ஒரு சடங்கு உண்டு. அம்மா அலமாரியின் மேலிருந்து ஃபிளாஸ்கை இறக்குவார். தகர உடம்பில் பெரிய சிவப்புச் சீனப் பூ போட்ட ஃபிளாஸ்க், தக்கை அடைப்பு, அதன் மேல் கிண்ண மூடி. சர்க்கரை தூக்கலாக, பால் விடாத வறக்காப்பி ஊற்றி, மூடி கழன்றுவிடாமல் துணி கட்டிக் கொடுப்பார். அது இல்லாமல் அப்பா தூரப் பயணம் போய் நான் பார்த்ததில்லை. அந்தத் தக்கையின் வாசம், காப்பியும் ஈர மரமும் கலந்த வாசம், இப்போதும் மூக்கில் வருகிறது. ஃபிளாஸ்க் எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை. வீடு மாறினோம், அடுக்குமாடிக்குப் போனோம், நடுவில் எங்கேயோ விட்டுவிட்டோம்.

பலகையில் அடி வாங்கிய அதே வாரம், அப்பா ஒருநாள் காலையில் வழக்கம்போல் வேலைக்குப் போனார். மாலையில் வரவில்லை. சித்தப்பாதான் வந்தார். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவர், ஞாயிற்றுக்கிழமை தவிர வராதவர். மோட்டார் சைக்கிளை அணைக்காமலே உள்ளே வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

“அண்ணி, அண்ணன் ஜொகூர் போயிட்டாரு. அவசர லோட் லா. போன் பண்ணிச் சொல்லச் சொன்னாரு. அங்கிருந்தே இன்னும் ரெண்டு மூணு லோட் இருக்காம். வரக் கொஞ்ச நாளாகும்.”

“மாத்துத் துணி கூட எடுக்கலையே தம்பி?”

“அங்க வாங்கிக்குவாரு.”

அம்மா கொடுத்த தேநீரை அவர் குடிக்கவில்லை. போகும்போது என் தலையைத் தடவிவிட்டு, “நல்லாப் படி. பரீட்சை வருதுல்ல?” என்றார். சித்தப்பா என் தலையைத் தடவியது அதுவரை இல்லாத வழக்கம்.

அவர் போன பிறகு நான் அலமாரியின் மேலே பார்த்தேன். ஃபிளாஸ்க் அங்கேயே இருந்தது.

அடுத்த நாள் அம்மாவிடம் கேட்டேன். “அப்பா ஜொகூர்ல எங்கம்மா இருக்காரு?”

“சித்தப்பாதான் சொன்னாரே. அவருக்குத் தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தபோது அவரிடம் கேட்டேன். “அப்பா எப்ப வருவாரு சித்தப்பா?”

“உங்கம்மாகிட்டதான் எல்லாம் சொல்லியிருக்கேனே. அவங்களக் கேளு.”

இருவரும் சொன்னது ஒரே விஷயம். இரண்டு பேர் சொல்கிறார்களே, உண்மையாகத்தான் இருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் மாலையானால் பயம் வந்துவிடும். வாசலில் லோரிச் சத்தம் கேட்கும் நேரம் அது. அந்த நேரத்தில் அம்மா துணி மடிப்பதை நிறுத்திவிட்டுச் சாலையைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்த்து, “சித்தப்பா உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?” என்று கேட்பார். தினமும் கேட்டார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும், எனக்கு எவ்வளவு கசிந்திருக்கிறது என்று வேவு பார்க்கிறார் என்றே நான் நினைத்தேன். அதனால் தினமும் “ஒண்ணும் சொல்லலை” என்று முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு சொன்னேன். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவரையொருவர் ஒளிந்து பார்த்துக்கொண்டு சோறு தின்றோம்.

பக்கத்து வீட்டு ஆன்டி துணி காயப்போடும்போது அம்மாவிடம் பேசியது அந்த நாட்களில்தான் என் காதில் விழுந்தது. யாரோ ஒரு லோரிக்காரர், ஜொகூரில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறாராம், பிள்ளைகூட உண்டாம். ஆன்டி யாரைப் பற்றிச் சொன்னாரோ தெரியாது. நான் அப்பாவைப் பற்றி என்றே எடுத்துக்கொண்டேன். எல்லாம் பொருந்தியது. ஜொகூர் பொருந்தியது. அம்மாவின் முகம் பொருந்தியது. ஃபிளாஸ்கை எடுக்காமல் போனதும் பொருந்தியது. அங்கே வேறொருத்தி காப்பி போட்டுக் கொடுக்கிறாள். அன்று முழுக்க அந்தப் பெண்மணிக்கு முகம் வரைந்து பார்த்து அழுதேன்.

அந்த வாரம் பள்ளியில் அதே கணக்கை வீட்டுப்பாடமாகக் கொடுத்தார்கள். இந்தத் தடவை மற்றதில்தான் போட்டேன். ஆனால் அடைப்புக்குறி போட மறந்ததில் ஒரு கழித்தல் குறி மாறாமல் நின்றுவிட்டது. எக்ஸ் பதினைந்து, வை கழித்தல் மூன்று என்று வந்தது. இரண்டையும் கூட்டினால் பன்னிரண்டு, முதல் சமன்பாடு சரி. நிம்மதியாகக் கொண்டுபோய் நீட்டினேன். டீச்சர் இரண்டாவதைக் கோலால் தட்டினார். போட்டுப் பார்த்தேன். மூன்று வர வேண்டிய இடத்தில் முப்பத்து மூன்று வந்தது. “ஒன்றில் பொருந்துவது விடை ஆகாது. இரண்டிலும் பொருந்தணும்” என்றார். அடிக்கவில்லை. அடிக்காமல் விட்டதற்கு நான் பயந்த அளவுக்கு அடிக்குக்கூடப் பயந்ததில்லை.

பரீட்சைக்கு முந்திய வெள்ளிக்கிழமை. நம் ஊர்க் கோயில்களில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குப் பூஜை வைப்பார்களே, நினைவிருக்கிறதா? பேனா, பென்சில், ரப்பர், அடிமட்டம் எல்லாம் தாம்பாளத்தில் சாமி காலடிக்குப் போய், விபூதி பூசிக்கொண்டு திரும்பி வரும். அம்மாவுக்கு அன்று காய்ச்சல் மாதிரி இருந்தது, சித்தப்பா என்னை அழைத்துப் போனார். பிள்ளைகள் வரிசையாக நின்றோம். குருக்கள் ஒவ்வொரு தட்டாக வாங்கி, பெயரும் நட்சத்திரமும் கேட்டு அர்ச்சனை செய்துகொண்டு வந்தார். என் தட்டில் இரண்டு நீலப் பேனாக்கள் இருந்தன.

“யார் பேருக்கு?” என்று குருக்கள் கேட்டார்.

சித்தப்பா வாயைத் திறந்தார். அப்பாவின் பெயரையும் அப்பாவின் நட்சத்திரத்தையும் சொன்னார்.

சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே தெரியாதவர்போல் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எங்களிடம் இத்தனை நாள் கூசாமல் பொய் சொன்ன மனிதருக்குச் சாமி முன்னால் சொல்ல வரவில்லை. இன்னொரு குடும்பம் வைத்திருக்கும் அண்ணனுக்காக எந்தத் தம்பியும் இப்படி அழுதுகொண்டு அர்ச்சனை செய்ய மாட்டார். நான் கட்டிய கதை ஒரு பக்கம் பொருந்தியது, இந்தப் பக்கம் பொருந்தவில்லை.

வீட்டுக்கு வந்து விபூதி பூசிய பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் அது விளங்கியது. அம்மா சித்தப்பாவைக் காட்டுகிறார். சித்தப்பா அம்மாவைக் காட்டுகிறார். எடுத்த இடத்திலேயே போட்டுக்கொண்டிருக்கிறேன். எத்தனை முறை போட்டாலும் பன்னிரண்டு சமம் பன்னிரண்டுதான் வரும். இருவரையும் சாராத ஒருவர் வேண்டும்.

அப்பாவின் லோரியில் கூடவே போகும் உதவியாளர் ஒருவர் இருந்தார், அந்த வேலைக்குக் கெலிண்டான் என்று பெயர், நான் கெலிண்டான் அண்ணன் என்பேன். சாமான் ஏற்றி இறக்க, லோரியைப் பின்னால் எடுக்கும்போது கீழே இறங்கிக் கையைக் காட்ட, இப்படியான வேலைகளுக்கு உள்ளவர். தெலுக் பங்லிமா காராங்கில் அவர் வீட்டுக்குத் தீபாவளிக்கு அப்பா என்னை அழைத்துப் போயிருக்கிறார். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பச்சைப் பலகை வீடு. அப்பா ஜொகூரில் என்றால் அவரும் அங்கேதான் இருக்க வேண்டும், அவர் வீட்டில் கேட்டால் தெரிந்துவிடும். சனிக்கிழமை காலை, பள்ளியில் கூடுதல் வகுப்பு என்று சொல்லிவிட்டுச் சீருடையோடு பஸ் ஏறினேன். தனியாக அவ்வளவு தூரம் போனதில்லை. நடத்துனர் டிக்கெட் கிழிக்கும்போதுகூட ‘எங்கே போகிறாய்’ என்று அதட்டப்போகிறார் என்று பயந்தேன். ஜன்னல் வழியே எதிரே வந்த ஒவ்வொரு லோரியிலும் ஓட்டுநர் முகத்தைப் பார்த்தேன்.

கெலிண்டான் அண்ணன் வாசலில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கைவரை மாவுக்கட்டு. நெற்றியில் தையல். என்னைப் பார்த்ததும் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

“பாப்பா… யாரு சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லலண்ணே. அப்பா எங்க?”

அவர் உள்ளே பார்த்தார், சாலையைப் பார்த்தார், கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். பிறகு சொன்னார். அப்பா ஜொகூருக்குப் போகவே இல்லை. அன்று ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலைக்குச் சாமான் இறக்கப் போகும் வழியில் வேறொரு லோரி வந்து முகப்பில் மோதியிருக்கிறது. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். கால் நசுங்கியிருக்கிறது.

“உயிரோட இருக்காரா?”

“இருக்காரு பாப்பா, இருக்காரு. பேசுறாரு. ஆனா கால்ல சீழ் வச்சிருச்சாம். திங்கக்கிழமை கால எடுக்கப் போறாங்க. டாக்டர் கொஞ்சம் ரிஸ்க்னு சொல்றாராம். உனக்குப் பரீட்சை முடியற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு உங்க சித்தப்பா எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு லா.”

திரும்பி வந்த பஸ் எந்த வழியாக வந்தது என்று தெரியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் கோபம்தான் முதலில் வந்தது. அடுப்படியில் நின்ற அம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

“அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு. கால எடுக்கப் போறாங்க. உங்களுக்கு எல்லாம் தெரியும்! ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

அம்மாவின் கையில் கரண்டி இருந்தது. அதை அவர் கீழே வைக்கவும் இல்லை, பிடித்திருக்கவும் இல்லை, அது நழுவித் தரையில் விழுந்தது.

“எந்த ஆஸ்பத்திரி?” என்றார்.

அந்த இரண்டு சொற்களில் எனக்கு எல்லாம் புரிந்தது. அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது. சித்தப்பா சொன்னதைத்தான் எனக்குச் சொன்னார், என் மூலமாவது ஏதாவது தெரியாதா என்றுதான் தினமும் கேட்டார். என்னைவிடப் பெரிய பயத்தை மடித்து வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளை பார்த்துவிடக் கூடாது என்று துணியை மடித்துக்கொண்டிருந்தார். பிள்ளையிடமிருந்து மறைக்க மனைவியிடமும் மறைத்திருக்கிறார்கள். ஆண்கள் கூடிப் பேசி எடுத்த நல்ல முடிவு. யார் மேலும் எனக்கு இப்போது கோபம் இல்லை. ஆனால் திங்கட்கிழமை அந்த அறைக்குள் போன அப்பா திரும்பாமல் போயிருந்தால், அந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்திருப்போம்?

அம்மா அழுவார் என்று காத்திருந்தேன். அவர் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் கொதிக்க வைத்தார். நாற்காலி போட்டு ஏறி ஃபிளாஸ்கை இறக்கினார். காப்பி ஊற்றித் துணி கட்டினார். பஸ்ஸில் கோலாலம்பூர் போய்ச் சேரும்வரை அதை மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.

வார்டு வாசல் பெஞ்சில் சித்தப்பா இருந்தார். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். “அண்ணன்தான் அண்ணி… புள்ள பரீட்சை முடியட்டும்னு…” அம்மா நிற்காமல் அவரைத் தாண்டி நடந்தார்.

அப்பா பாதியாக இருந்தார். போர்வைக்குள் ஒரு கால் மட்டும் பெரிய மூட்டையாகத் தூக்கி நின்றது. எங்களைக் கண்டதும் அந்த முகத்தில் வந்தது வலி அல்ல, மாட்டிக்கொண்ட பிள்ளையின் பயம். என் அப்பா பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நீ பயந்துடுவேன்னுதான்…” என்று அம்மாவைப் பார்த்து இழுத்தார்.

“தெரிஞ்சிருந்தா பயந்திருப்பேன்தாங்க” என்றார் அம்மா. “தெரியாம இருந்தேன் பாருங்க, அதுதாங்க பயம்.”

பிறகு தக்கையைத் திறந்து மூடியில் காப்பி ஊற்றினார். நர்ஸ் மிஸ்ஸி வந்து கூடாது என்பதற்குள் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டார். குடித்துவிட்டு அழுதார். நாங்களும் அழுதோம்.

கால் போயிற்று, அப்பா வந்துவிட்டார். லோரி ஓட்டவில்லை, ஆனால் என் கல்யாணத்தில் ஊன்றுகோலோடு வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றார். கணக்குத் தாளில் அந்த வகைக் கேள்வி வந்தது. விடையை இரண்டிலும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை மூடினேன்.

போன வாரத்துக்கு வருகிறேன். இரண்டு மாதமாக எனக்கு வயிற்றில் வலி. மகன் பூச்சோங்கிலிருந்து வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான், ஸ்கேன் எடுத்தார்கள். முடிவை அவனே போய் வாங்கினான். “டாக்டர் ஒண்ணுமில்லைன்னுட்டாரும்மா. சும்மா மருந்து சாப்பிட்டா போதும்” என்றான். மகளிடம் கேட்டேன். “அண்ணன்தான் சொன்னானே, ஒண்ணுமில்லம்மா” என்றாள். வீட்டுக்காரரிடம் கேட்டேன். “புள்ளைங்க ரெண்டு பேருமே சொல்றாங்களே, அப்புறம் என்ன?” என்றார். மகன் போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனான்.

உங்களில் பலருக்கும் இந்த வயது வந்திருக்கும். பிள்ளைகள் நம்மைப் பரீட்சை எழுதும் பிள்ளையாக்கி, மூச்சு விடாமல் பார்த்துக்கொள்ளும் வயது.

யாரிடமும் சொல்லாமல் கார் வரவழைத்து நானே போனேன். டாக்டர் அறை வாசலில் காத்திருந்தபோது பழைய மரக்கோல் வரிசைகளுக்கு நடுவே நடந்துவருவது கேட்டது. என் எண்ணை அழைத்தார்கள். “கூட யாரும் வரலையா ஆன்டி?” என்றாள் மிஸ்ஸி. இல்லை என்றேன். உள்ளே போனேன்.

டாக்டர் சொன்னார். ஒன்றுமில்லாமல் இல்லை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

வெளியே வந்து மகனுக்குப் போன் செய்தேன். “டாக்டரைப் பார்த்தேன்ப்பா” என்றேன்.

“நீங்க பயந்துடுவீங்கன்னுதாம்மா…” என்றான்.

அப்பாவின் குரலேதான். பயமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. சாயங்காலம் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரச் சொன்னேன். காப்பி போட்டு வைக்கிறேன் என்றேன்.